தேர்த்துகளின் பகுதியெண்: பகாக் காரணிகள் வழி ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்
தமிழ்க் கீழ்வாய் இலக்கப் பட்டியலின் இறுதியில் நிற்கும் தேர்த்துகள் என்னும் பின்னத்தின் பகுதியெண் 22 இலக்கங்கள் கொண்டது. அதன் பெருமை அளவில் அன்று, வகுபடும் தன்மையில் உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்னுரை
காரிநாயனாரின் கணக்கதிகாரம் முதலிய பழங்கணக்கு நூல்கள் பின்னங்களைத் தனிப்பெயர் இட்டு வழங்கின. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. முந்திரியை முந்திரியால் பெருக்கக் கிடைப்பது கீழ்முந்திரி, அதாவது 1/102400. அதற்கும் கீழே இம்மி முதல் தேர்த்துகள் வரை பெயர்கள் தொடர்கின்றன.

முந்திரியின் எல்லை
320 = 2⁶ × 5; 102400 = 2¹² × 5². இரண்டிலும் உள்ள பகாக் காரணிகள் 2, 5 ஆகியவை மட்டுமே. ஆதலால் அரை, கால், வீசம், மா ஆகியன மீதியின்றி அமையும். ஒரு பொருளை மூவருக்கோ எழுவருக்கோ பங்கிட்டால் கீழ்முந்திரியாலும் கணக்கு முடிவதில்லை. 102400-ஐ 3 வகுக்க 1-உம், 7 வகுக்க 4-உம் மீதியாகும்.

இம்மி முதல் தேர்த்துகள் வரை
இன்று பரவலாக அச்சிடப்பெறும் பட்டியலில் இம்மியின் பகுதியெண் 1075200. இது 3, 7 ஆகிய இரண்டாலும் வகுபடும். அடுத்துள்ள மும்மியில் 11-உம், நாகவிந்தத்தில் 17-உம், இறுதிப் படியான தேர்த்துகளில் 13-உம் காரணிகளாகச் சேர்கின்றன. தேர்த்துகளின் பகுதியெண் வருமாறு:

2323824530227200000000 = 2²² × 3⁵ × 5⁸ × 7⁴ × 11 × 13 × 17

முதல் ஏழு பகா எண்களும் இடைவிடாது இதில் அமைந்துள்ளன. எனவே 1 முதல் 18 வரையுள்ள எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும். வகுபடாத முதல் எண் 19. இதன் வகுத்திகளின் எண்ணிக்கை 49680.

பாடச் சோதனை
இக்காரணிகள் பாடச் சோதனைக்கும் உதவுவன. இறுதியிலுள்ள எட்டுச் சுழியங்களை நீக்கின், ஒற்றையிட இலக்கங்களின் கூட்டுத்தொகை 28, இரட்டையிட இலக்கங்களின் கூட்டுத்தொகை 17, வேறுபாடு 11. ஆகவே எண் 11-ஆல் வகுபடும். யாதேனும் ஓர் இலக்கம் பிறழ்ந்து அச்சாகுமாயின் இத்தன்மை கெடும். பட்டியலைப் பதிப்பிப்போர் இதனால் பிழையைக் கண்டுகொள்ளலாம்.

முடிவுரை
தேர்த்துகளைச் சான்று காட்டிப் பண்டைத் தமிழர் அணுவினும் நுண்ணியதை அளந்தனர் என்பாருளர். பெயர் இருப்பது கொண்டே அளவைக் கருவி இருந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. 1 முதல் 18 வரை வகுபடுதலே நோக்கமெனின், 12252240 என்னும் எட்டிலக்க எண்ணே போதும். ஆகவே வகுபடுதல் ஒன்றையே கருதி இப்பட்டியல் அமைக்கப்பட்டது எனவும் துணிய இயலாது. எனினும் முந்திரிக்குள் அடங்காத மூன்றிலொன்றும் ஏழிலொன்றும் இம்மியில் முழுமையாக அடங்குகின்றன. பங்கீட்டில் மீதி நில்லாமை என்னும் கணக்கியல் நோக்கில் கீழ்வாய் இலக்கங்களை ஆராய்வதே பயனுடைத்து.