மெலோடிராமா வசைச்சொல் அல்ல

ஒரு படம் பிடிக்கவில்லை என்றால், 'ஒரே மெலோடிராமா' என்று ஒற்றை வரியில் தள்ளிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கண்ணீர் சற்றுக் கூடினாலும் வசனம் உரத்து ஒலித்தாலும் இந்தச் சொல் வந்துவிடுகிறது. மிகை நடிப்பு, போலி உணர்ச்சி என்பதே அதன் பொருளாக மனத்தில் பதிந்துவிட்டது. உண்மையில் அது ஒரு நாடக வகையின் பெயர். அந்த வகைக்குத் தனி இலக்கணம் உண்டு. அது பிறந்ததற்குக் காரணமும் உண்டு. அவற்றை அறிந்தால், இந்தச் சொல்லை இவ்வளவு எளிதாக வசையாக்க மாட்டோம்.

'மெலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பாட்டு என்று பொருள். அதனோடு நாடகத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் சேர்ந்தது. ஆக, மெலோடிராமா என்றால் முதலில் இசையோடு கூடிய நாடகம்தான். பாரிஸில் நாடகாசிரியர் பிக்செரேகூர் இந்த வகையைப் புகழ்பெறச் செய்தார். அவருடைய 'கொலினா' நாடகத்தைத் தாமஸ் ஹோல்கிராஃப்ட் தழுவி, 1802-இல் லண்டன் கோவென்ட் கார்டனில் 'எ டேல் ஆஃப் மிஸ்டரி' என்ற பெயரில் மேடையேற்றினார். இங்கிலாந்தில் இந்த வகை வேரூன்றியதற்குச் சட்டமும் ஒரு காரணம். லண்டனில் வசன நாடகம் நடத்தும் உரிமை ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் போன்ற அரச உரிமம் பெற்ற அரங்குகளுக்கு மட்டுமே இருந்தது. மற்ற அரங்குகள் இசையைச் சேர்த்துத்தான் கதை சொல்ல முடிந்தது. 1843-இல் வந்த நாடகச் சட்டம்தான் இந்த ஏகபோகத்தை முடித்து வைத்தது. அதற்குள் வில்லன் வருமுன் அதிரும் இசையும், காட்சி முடிவில் நடிகர்கள் சித்திரம்போல் உறைந்து நிற்பதும் மரபாகிவிட்டன. இன்று மிகை என்று நாம் சொல்லும் பலவும், வசனம் மறுக்கப்பட்ட மேடை கண்டுபிடித்த மொழிதான்.

அந்த மொழி எதைப் பேசியது? டக்ளஸ் ஜெரால்டு எழுதி 1829-இல் லண்டனின் சர்ரே அரங்கில் மேடையேறிய 'பிளாக்-ஐட் சூசன்' நாடகத்தைப் பாருங்கள். வில்லியம் ஒரு சாதாரண மாலுமி. தன் மனைவியிடம் அத்துமீறுகிறவனை வாளால் வெட்டுகிறான். வெட்டுப்பட்டவன் அவனுடைய கப்பல் தலைவன். மேலதிகாரியைத் தாக்கினால் மரணம் என்பது கடற்படைச் சட்டம். விசாரணை நடத்தும் அதிகாரிகளே மனம் கலங்கியும் தண்டனையை விலக்க முடியவில்லை. வில்லியம் அந்தத் தாக்குதலுக்கு முன்பே பணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தான் என்று காட்டும் ஒரு தாள் கடைசி நேரத்தில் வருகிறது. அவன் உயிர் தப்புகிறான். ஜெரால்டு சிறுவயதில் கடற்படையில் பணியாற்றியவர். கட்டணம் குறைந்த இருக்கைகளில் அமர்ந்து பார்த்த உழைப்பாளிகளுக்கு, அந்தத் தாள் வராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். வாழ்க்கையில் நல்லவன், கெட்டவன் என்று இவ்வளவு தெளிவான பிரிவு இல்லையே, கடைசி நேர மீட்பு பொய்யான ஆறுதல்தானே என்று கேட்கலாம். மனித மனத்தின் சிக்கலை ஆராய மெலோடிராமா ஏற்ற வடிவம் அல்ல என்பது உண்மை. அந்த வேலைக்கு வேறு வடிவங்கள் இருக்கின்றன. ஆனால் அநீதி எப்போதும் சிக்கலானது அல்ல. அடிமையை விற்பவனுக்கும் விற்கப்படுபவனுக்கும் இடையே நடுநிலை தேடுவதுதான் பொய். அடிமை முறையைச் சாடிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவல் 1852-இல் வெளிவந்ததும் அமெரிக்க மேடைகள் அதை மெலோடிராமாவாகவே ஏற்றன. அந்த நாடகங்களில் பல பின்னாளில் கறுப்பின மக்களைக் கேலிச் சித்திரமாக்கின என்பதையும் மறைக்கக் கூடாது. வடிவம் வலிமையானது என்பதாலேயே அதைத் தவறாகவும் பயன்படுத்த முடிகிறது.

தமிழ்த் திரைக்கும் இது பொருந்தும். 1952-இல் வந்த 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் சமூகத்தின் மேல் குற்றம் சாட்டுகிறான். அவன் தணிந்த குரலில் பேசியிருந்தால் அந்தக் காட்சிக்கே பொருள் இல்லை. எனவே ஒரு படைப்பில் உணர்ச்சி எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். அந்தக் குரலுக்குப் பின்னால் உண்மையான துன்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மோசமான மெலோடிராமா. இருந்தால், நல்ல மெலோடிராமா என்று தயங்காமல் பாராட்டுங்கள்.