பால் வெட்டும் கத்தி

ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பால் வெட்டும் கத்தி புதிய பொருளன்று. ஆயினும் அதன் அமைப்பு ஏன் அப்படி இருக்கிறது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மரத்திலிருந்து பாலை எடுப்பதும் அதுதான். தவறினால் மரத்தைக் கெடுப்பதும் அதுதான்.

முற்காலத்தில் பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்திய இடம் புண்ணாகிப் பட்டை மேடுபள்ளமாயிற்று. 1888-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி வேறு வழி கண்டார். முன்பு வெட்டிய கோட்டின் கீழ் விளிம்பிலேயே மெல்லிய சீவல் ஒன்றை எடுத்தால் பால் மீண்டும் வடியும். மேலே வெட்டிய பட்டையும் திரும்ப வளரும். அந்த முறைக்கு ஏற்ற கருவிகளுள் ஒன்றே மலேசியாவில் ஜெபோங் என வழங்கும் கத்தி.

இக்கத்திக்கு மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது மரத்தாலான கைப்பிடி. அது சிறிதும் ஆடக்கூடாது. ஆடினால் வெட்டின் ஆழம் கைக்கு அடங்காது. அடுத்தது கைப்பிடியையும் அலகையும் இணைக்கும் கழுத்து. மூன்றாவது அலகு. அதன் முனை ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல மடிந்திருக்கும். அந்த மடிப்பின் இரு பக்கங்களையும் இரண்டு சிறகுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறகு பால் ஓடும் தளத்தைச் சீவுகிறது. மற்றொன்று மரத்தை ஒட்டி நின்று சீவலைப் பிரித்தெடுக்கிறது. இரண்டும் கூடும் மூலையே கத்தியின் உயிர்நிலை. ஆழத்தை முடிவு செய்வது அதுதான்.

ஆழம் ஏன் அவ்வளவு முக்கியம்? பட்டையின் வெளிப்புறம் கரடானது. அதில் பால் குறைவு. உட்புறம் செல்லச் செல்லப் பால் குழாய்கள் மிகுதி. ஆனால், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம் இருக்கிறது. புதுப்பட்டையை உண்டாக்குவது அதுவே. ஆகவே, அதற்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை பட்டையை விட்டுவைக்க வேண்டும். மூலை அதைத் தாண்டினால் மரத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் முண்டும் முடிச்சுமாகப் பட்டை வளரும். இரண்டு பக்கமும் வெட்டி முடித்து, ஆண்டுகள் கழித்து முதற்பக்கத்திற்குத் திரும்பும்போது, அங்கே கத்தி ஒழுங்காக ஓடாது. இன்று விழும் காயத்தின் நட்டத்தை, பின்னாளில் அதே நிரையில் நிற்பவர் அனுபவிப்பார்.

கத்தி ஓடும் திசைக்கும் காரணம் உண்டு. பால் குழாய்கள் நேர்க்குத்தாக நிற்பதில்லை. மேலே போகப் போகச் சற்று வலப்புறம் சாய்கின்றன. எனவே, மேல் இடப்புறத்தில் தொடங்கிக் கீழ் வலப்புறம் இறங்கும் வெட்டு அதிகமான குழாய்களைத் திறக்கும். ஒட்டுக்கட்டிய மரத்துக்கு ஏறத்தாழ 30 பாகை சரிவு கொடுப்பது வழக்கம். ஜெபோங் கத்தியைத் தள்ளுவதில்லை. தம்மை நோக்கிச் சிறிது சிறிதாக இழுத்தபடி, கால்களையும் பின்னே நகர்த்த வேண்டும்.

சீவலின் கனத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் மாதத்திற்கு 15 வெட்டு. ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் 22.5 மில்லிமீட்டர் பட்டை செலவாகும். மூன்று மில்லிமீட்டராகச் சீவினால் 45 ஆகிவிடும். பத்தாண்டு வரவேண்டிய பட்டை ஐந்தாண்டில் தீர்ந்துபோகும். கனமாகச் சீவியதற்காகப் பால் இருமடங்கு கிடைப்பதுமில்லை.

மெல்லச் சீவக் கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாமல் பிய்க்கும். கையும் அழுத்தம் கொடுக்கும். அழுத்தினால் மூலை ஆழத்தில் இறங்கிவிடும். வெளிப்புறத்தைத் தட்டையான சாணைக்கல்லில் தீட்டுங்கள். உட்புற மடிப்புக்கு மெல்லிய விளிம்புள்ள சிறு கல் வேண்டும். மூலை உருண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீட்டிய பின் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவினால் துரு ஏறாது.

கூரான கத்தி பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது. அலகுக்கு ஓர் உறை போட்டு உயரத்தில் வையுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு அதன் பகுதிகளைப் பக்கத்திலிருந்து காட்டி விளக்குங்கள். தாய் தந்தையர் இருட்டில் செய்யும் வேலை வெறும் கைப்பழக்கமன்று, மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் நுட்பமான தொழில் என்பதை அவர்கள் அறியட்டும்.