இஸ்ரவேலின் காணாமற்போன கோத்திரங்களும் தற்கால நாடுகளும்: தீர்க்கதரிசன வாசிப்பு குறித்த ஒரு மொழிநிலை நோக்கு

முன்னுரை

விவிலியத்தின் பழைய ஏற்பாடு கூறும் இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களுள் பத்துக் கோத்திரங்கள் அசீரியர் படையெடுப்புக்குப் பின்னர் வரலாற்றிலிருந்து மறைந்துவிட்டன என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்தாகும். அவை எங்குச் சென்றன என்னும் வினாவுக்குத் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர் முதல் இந்தியாவின் மிசோரம் வரை பல நிலங்கள் விடையாகச் சுட்டப்பட்டுள்ளன. அவ்விடைகளுள் ஆங்கில அச்சுலகில் மிகப் பரவலாக வழங்கியது 'பிரித்தானிய இஸ்ரவேல் கொள்கை' எனப்படும். பிரித்தானியரும் அமெரிக்கரும் அக்கோத்திரங்களின் வழித்தோன்றல்கள் என்பதும், விவிலியத் தீர்க்கதரிசனங்கள் இவ்விரு நாடுகளின் எழுச்சியையே முன்னுரைத்தன என்பதும் அக்கொள்கையின் சாரம்.

இதனை இங்கு ஆராய்வதற்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, இக்கொள்கை நாம் வாழும் நிலப்பகுதியையும் தொட்டுச் செல்கிறது. ஆபிரகாமின் சந்ததியார் பகைவரின் வாசல்களைக் கைக்கொள்வர் என்னும் ஆதியாகம வாக்குறுதி, ஜிப்ரால்டர், சூயஸ், சிங்கப்பூர் ஆகிய கடல்வாயில்களைப் பிரித்தானியர் கைப்பற்றியதன் வாயிலாக நிறைவேறியது என்று இக்கொள்கையினர் எழுதினர். இரண்டாவது, அவர்கள் முன்வைக்கும் சான்றுகளுள் பெரும்பகுதி மொழிச் சான்றுகளாகும். எனவே, அவற்றை எடைபோடும் பொறுப்பு சமய அறிஞர்க்கு மட்டுமன்றி மொழி கற்பிப்போர்க்கும் உண்டு. இக்கொள்கை மூலமொழியாகிய எபிரேயத்தின்மீது எழாமல், ஆங்கில மொழிபெயர்ப்பின் சொற்கள்மீதே எழுந்து நிற்கிறது என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டுரையில் 'இஸ்ரவேல்' என்பது பண்டைய மக்களையும் அவர்தம் வட அரசையும், 'இஸ்ரேல்' என்பது 1948-இல் தோன்றிய நாட்டையும் குறிக்கும்.

வரலாற்றுப் பின்னணி

சாலொமோன் மன்னனுக்குப் பின்னர், ஏறத்தாழ கி.மு. 930-இல், அரசு இரண்டாகப் பிரிந்தது. தெற்கே யூதா, வடக்கே இஸ்ரவேல் என அவை வழங்கின. கி.மு. 733-732 காலப்பகுதியில் அசீரிய மன்னன் மூன்றாம் திகிலாத்பிலேசர் வட அரசின் கலிலேயா முதலிய பகுதிகளைக் கைப்பற்றி மக்களை நாடு கடத்தினான். கி.மு. 722 அளவில் தலைநகர் சமாரியாவும் வீழ்ந்தது. சிறைப்பட்டோர் கோசான் ஆற்றங்கரையிலும் மேதியரின் நகரங்களிலும் குடியேற்றப்பட்டனர் என்று இராஜாக்களின் இரண்டாம் நூல் கூறுகிறது. மன்னன் இரண்டாம் சார்கோன் தன் கல்வெட்டுகளில் 27,290 பேரைச் சிறைபிடித்ததாகக் குறித்துள்ளான்.

இவ்வெண்ணிக்கை கருதத்தக்கது. இது பெருந்தொகைதான், எனினும் ஒரு நாட்டின் மக்கள் அனைவரும் இதனுள் அடங்கார். எஞ்சியோருள் ஒரு பகுதியினர் தம் மண்ணிலேயே தங்கினர். வேறு சிலர் தெற்கே யூதாவுக்குப் பெயர்ந்தனர் எனவும், அக்காலத்தில் எருசலேம் நகரம் பன்மடங்கு விரிந்தமைக்கு அதுவும் ஒரு காரணம் எனவும் தொல்லியலறிஞர் பலர் கருதுவர். அப்பெயர்வின் அளவு பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நாடு கடத்தப்பட்டோருள் சமாரியாவின் தேர்ப்படை வீரர்கள் அசீரியப் படையிலேயே சேர்க்கப்பட்டனர் என்பதைச் சார்கோனின் ஆவணங்களே காட்டுகின்றன. மற்றோர் சில தலைமுறைகளில் அயலாருடன் கலந்து தம் தனியடையாளத்தை இழந்தனர் எனலாம்.

விவிலியமும் இப்பத்துக் கோத்திரங்கள் முற்றாக மறைந்தன என்று கொள்ள இடந்தரவில்லை. எசேக்கியா மன்னனின் பஸ்கா விழாவுக்கு ஆசேர், மனாசே, செபுலோன் கோத்திரத்தாருள் சிலர் எருசலேமுக்கு வந்தனர் என நாளாகம நூல் உரைக்கிறது. புதிய ஏற்பாட்டில் லூக்கா குறிப்பிடும் அன்னாள் என்னும் முதியவள் ஆசேர் கோத்திரத்தைச் சேர்ந்தவள். இன்றும் நாபுலுசை அடுத்த கெரிசீம் மலையிலும் டெல் அவீவ் அருகிலுள்ள ஓலோன் நகரிலும் வாழும் சமாரியர், ஆயிரத்துக்கும் குறைவானோரே எனினும், தம்மை எப்பிராயீம், மனாசே கோத்திரத்தாரின் வழியினர் எனக் கூறிவருகின்றனர். 2004-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று அவர்தம் தந்தைவழி மரபுக்கும் யூதர் மரபுக்கும் நெருக்கம் உண்டெனக் காட்டியது. இலண்டனில் தேடப்பட்ட எப்பிராயீமுக்கு உரிமை கோருவோர் சமாரியாவின் மலையிலேயே இருந்துவந்துள்ளனர் என்பது நோக்கத்தக்கது.

தேடலின் தொடக்கம்

மறைந்த கோத்திரங்கள் தொலைநிலத்தில் ஒன்றாக வாழ்கின்றன என்னும் எண்ணம் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நான்காம் எஸ்றா நூலில் காணப்படுகிறது. பத்துக் கோத்திரத்தாரும் 'அர்சாரெத்' என்னும் நாட்டை அடைந்தனர் என்கிறது அந்நூல். எபிரேயத்தில் அச்சொல்லின் பொருள் 'வேறு நிலம்' என்பதேயாகும். ஒரு பொதுச்சொல் இடப்பெயராகி, பின்னர்ப் பல நூற்றாண்டுகள் அவ்விடம் தேடப்பட்டது.

புதிய நிலம் அறியப்பட்ட ஒவ்வொரு காலத்திலும் இத்தேடல் புத்துயிர் பெற்றது. 1644-இல் மொண்டெசினோஸ் என்னும் பயணி, ஆண்டிஸ் மலைப்பகுதியில் இஸ்ரவேலரைக் கண்டதாக ஆம்ஸ்டர்டாமில் சான்றுரைத்தார். இதனை அடிப்படையாகக் கொண்டு மெனாசே பென் இஸ்ரவேல் என்னும் யூத அறிஞர் 1650-இல் 'இஸ்ரவேலின் நம்பிக்கை' என்னும் நூலை வெளியிட்டார். யூதர் உலகின் எல்லாத் திசைகளிலும் சிதறிய பின்னரே மீட்பு வரும்; எனவே இங்கிலாந்திலும் அவர்களுக்கு இடமளிக்க வேண்டும் என்னும் கருத்துடன் அவர் 1655-இல் கிராம்வெல்லிடம் விண்ணப்பித்தார். இங்குத் தீர்க்கதரிசன வாசிப்பு, துரத்தப்பட்ட ஒரு மக்களுக்கு இடம் கேட்கும் கருவியாக அமைந்தது.

பேரரசின் கொள்கையாதல்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறிற்று. கடற்படையில் பணியாற்றிய ரிச்சர்டு பிரதர்ஸ் 1794-இல் வெளியிட்ட நூலில், பிரித்தானியருள் மறைந்துள்ள இஸ்ரவேலரைத் தாம் எருசலேமுக்கு அழைத்துச் செல்லவிருப்பதாக அறிவித்தார். 1840-இல் ஜான் வில்சன் தம் சொற்பொழிவுகளை நூலாக்கி இக்கருத்துக்கு ஆராய்ச்சித் தோற்றம் அளித்தார். அவர் ஜெர்மானியர் உள்ளிட்ட வட ஐரோப்பியர் பலரையும் இஸ்ரவேலராகக் கருதினார். அவருக்குப் பின்வந்த எட்வர்டு ஹைன், எப்பெருமையும் பிரித்தானியர்க்கே உரியது எனச் சுருக்கினார். 1871-இல் ஒன்றுபட்டு வலுப்பெற்ற ஜெர்மனியைப் பண்டைய அசீரியாவாக மாற்றியுரைத்தார். மூலநூலின் ஓரெழுத்தும் மாறவில்லை. ஐரோப்பாவின் அரசியல் மாறியது. தீர்க்கதரிசனத்தின் பொருளும் உடன் மாறியது.

இந்நம்பிக்கை ஏட்டளவில் நிற்கவில்லை. 1899 முதல் 1902 வரை இக்கொள்கையினர் சிலர் உடன்படிக்கைப் பேழையைத் தேடி அயர்லாந்தின் தாரா குன்றைத் தோண்டினர். அயர்லாந்தின் பண்டைய அரசர் நினைவிடமாகிய அக்குன்றுக்கு நேர்ந்த சிதைவைக் கவிஞர் யேட்ஸ் முதலியோர் கண்டித்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கரான ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் (1892-1986) இக்கொள்கையை மிகப் பரவலாக்கினார். பிரித்தானியா எப்பிராயீம் எனவும், அமெரிக்கா மனாசே எனவும் உரைக்கும் அவர்தம் நூலும் இதழ்களும் உலகெங்கும் இலவசமாக அனுப்பப்பட்டன.

மொழிச் சான்றுகளின் தன்மை

இக்கொள்கையின் மொழிச் சான்றுகளை இனி ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, ஒலியொப்புமை. 'பிரிட்டிஷ்' என்னும் சொல் எபிரேயத்தின் 'பெரித்' (உடன்படிக்கை), 'ஈஷ்' (மனிதன்) என்னும் இரு சொற்களின் கூட்டு என்பர். எபிரேயத்தில் 'உடன்படிக்கையின் மனிதன்' என்பதற்கு 'ஈஷ் பெரித்' என்றே சொற்கள் முறைப்படும். 'பெரித் ஈஷ்' என்பது அம்மொழியின் தொடரமைதிக்கு மாறானது. மேலும், அச்சொல்லின் இறுதி 'இஷ்' ஆங்கிலத்தின் பெயரடை விகுதியாகும். 'சாக்சன்' என்பது 'ஐசக்கின் சன்ஸ்', அதாவது ஈசாக்கின் மைந்தர், என்பதன் திரிபு என்பர். 'சன்' என்பது ஆங்கிலச் சொல். எபிரேயத்தில் மைந்தர் 'பெனே' எனப்படுவர். எபிரேயம் பேசிய மக்கள் தம் தந்தையின் பெயரோடு ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் தமக்குப் பெயரிட்டிருக்க இயலாது. சாக்சன் என்னும் பெயர் அம்மக்கள் ஏந்திய 'சியாக்ஸ்' என்னும் கத்தியோடு தொடர்புடையது என்பதே பெரும்பான்மை அறிஞர் கருத்து. தாண் கோத்திரத்தார் சென்ற வழியை டான்யூப், டான், டென்மார்க் ஆகிய பெயர்களிலிருந்து காட்டுவதும் இவ்வகையினதே.

ஒலியொப்புமை எல்லாம் பயனற்றது என்பது நம் கருத்தன்று. விவிலியத்தில் சாலொமோனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களுள் ஒன்றாகிய 'துக்கி' என்பதைக் கால்டுவெல் தமிழ்த் 'தோகை'யோடு ஒப்பிட்டதை நாம் அறிவோம். அவ்வொப்பீடு ஒரு வணிகப் பொருளோடு ஒரு சொல் பயணம் செய்தது என்ற அளவிலேயே நிற்கிறது. அதுவும் அச்சொல் எகிப்திய மொழியில் குரங்கைக் குறித்த சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்னும் மறுப்பை எதிர்கொண்டுள்ளது. ஒரு சொல்லின் வருகையை நிறுவுவதே இத்துணை அரிதெனில், ஓர் இனத்தின் பிறப்பை ஒலியொப்புமையால் மட்டும் நிறுவ இயலாது என்பது வெளிப்படை.

இரண்டாவது, காலக் கணக்கு. லேவியராகமத்தின் 26-ஆம் அதிகாரத்தில் கீழ்ப்படியாதோர்க்கு உரைக்கப்படும் தண்டனையை ஆங்கில மொழிபெயர்ப்பு 'செவன் டைம்ஸ்' என்று குறிக்கிறது. ஆம்ஸ்ட்ராங் இதனை ஏழு காலங்கள் எனக் கொண்டார். ஒரு காலம் 360 நாள். ஏழு காலம் 2,520 நாள். ஒரு நாள் ஓர் ஆண்டு எனின் 2,520 ஆண்டுகள். கி.மு. 721-718 முதல் எண்ணினால் கி.பி. 1800-1803 வரும்; 1803-இல் அமெரிக்கா லூசியானா நிலப்பரப்பைப் பிரான்சிடமிருந்து வாங்கியது; எனவே தீர்க்கதரிசனம் நிறைவேறியது என்பது அவர் வாதம்.

இக்கணக்கு முழுவதும் ஓர் ஆங்கிலச் சொல்லின் இருபொருளைச் சார்ந்தது. 'டைம்ஸ்' என்பது 'மடங்கு' எனவும் பொருள்படும், 'காலங்கள்' எனவும் பொருள்படும். எபிரேய மூலத்தில் இவ்விடத்தில் இருப்பது 'ஏழு' என்னும் எண் மட்டுமே. காலத்தைக் குறிக்கும் சொல் எதுவும் இல்லை. தண்டனையின் மிகுதியே அங்குக் கூறப்படுகிறது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் 'ஏழத்தனை' என்று தெளிவாகப் பெயர்த்துள்ளது. தானியேல் நூலில் காலத்தைக் குறிக்கும் அரமேயச் சொல் வரும் இடத்தில் 'காலங்கள்' என்று வேறுபடுத்தியுள்ளது. தமிழில் மட்டும் விவிலியம் பயின்ற ஒருவர்க்கு 2,520 என்னும் எண் தோன்றியிருக்க வழியே இல்லை.

மூன்றாவது, வாசல்கள். ஆதியாகமம் கூறும் 'வாசல்' மதில் சூழ்ந்த நகரின் வாயிலாகும். மூப்பர் அமர்ந்து வழக்குத் தீர்த்த இடமும் அதுவே. வாயிலைக் கைக்கொள்வது நகரைக் கைக்கொள்வதாகும். அச்சொல் கடல் நீரிணையைக் குறித்ததாகக் கொள்வதற்கு மூலத்தில் ஆதாரம் இல்லை. சிங்கப்பூர் வாசலாக எண்ணப்பட்டதற்குக் காரணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கப்பல் வணிகமே.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1956-இல் சூயஸ் கைநழுவியது. 1971-இல் சிங்கப்பூரிலிருந்த பிரித்தானியத் தளங்கள் விலக்கிக்கொள்ளப்பட்டன. இவற்றால் கொள்கை தளரவில்லை. வாசல்களைப் பெற்றது ஆசீர்வாதத்தின் நிறைவேற்றம். இழந்தது சாபத்தின் நிறைவேற்றம் எனப்பட்டது. எந்நிகழ்வாலும் பொய்யாக்க இயலாத கூற்று எந்நிகழ்வையும் விளக்குவதில்லை. இம்மண்ணில் அப்போரில் உயிரிழந்தோரின் துயரம் பிறர் நாட்டு வரலாற்றின் அடிக்குறிப்பாக அங்குச் சுருங்கிவிடுகிறது என்பதையும் நாம் மறத்தலாகாது.

கொள்கையின் விளைவுகள்

இத்தகைய வாசிப்பைத் தீங்கற்ற கற்பனை எனக் கருதிவிட இயலாது. அமெரிக்காவில் இதன் ஒரு கிளை, வெள்ளையரே உண்மை இஸ்ரவேலர், யூதர் போலியர் என்னும் இனவெறுப்புக் கொள்கையாகத் திரிந்து, 'கிறிஸ்தவ அடையாளம்' என்னும் இயக்கமாயிற்று. மறுபுறம், ஆம்ஸ்ட்ராங் நிறுவிய திருச்சபையின் தலைமை அவர் மறைவுக்குப்பின் இக்கொள்கையை மீளாய்வு செய்து 1990-களில் கைவிட்டது. உறுப்பினர் பலர் பிரிந்து சென்றபோதும் அம்முடிவு மாறவில்லை. பிழையைத் தாமே திருத்திக்கொண்ட அந்நேர்மை பாராட்டத்தக்கது.

இந்தியாவின் மணிப்பூர், மிசோரம் மாநிலங்களில் வாழும் பினே மெனாஷே மக்களின் நிலை வேறானது. தம் மூதாதையாகிய 'மன்மாசி'யை மனாசேயாக அவர்கள் கொள்கின்றனர். இதற்கும் ஒலியொப்புமையே முதன்மைச் சான்று. உறுதியான வரலாற்றுச் சான்று கிட்டவில்லை. எனினும், 2005-இல் இஸ்ரேலின் தலைமை ரபி ஒருவர் அவர்களை இஸ்ரவேல் வழியினராக ஏற்றார்; முறையான மதமாற்றச் சடங்குக்குப் பின்னர் ஆயிரக்கணக்கானோர் அங்குக் குடியேறியுள்ளனர். பேரரசு ஒன்று தன் உடைமைகளுக்கு நியாயம் கற்பிப்பதும், சிறுகுடி ஒன்று தனக்கோர் உறவைத் தேடுவதும் அறநிலையில் ஒன்றல்ல. ஆயினும் சான்றை அளக்கும் கோல் இரண்டுக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அவர்தம் நம்பிக்கையையும் வாழ்வையும் மதிப்பது வேறு. அவர்தம் தோற்றம் பற்றிய கூற்றை வரலாறாக ஏற்பது வேறு.

முடிவுரை

மேற்கண்டவற்றால், தற்கால நாடுகளைப் பற்றிய இத்தீர்க்கதரிசன வாசிப்பு, வாசிப்போரின் காலத்தையும் விருப்பத்தையும் காட்டும் அளவுக்குக் கி.மு. எட்டாம் நூற்றாண்டு மக்களைப் பற்றிக் காட்டவில்லை என்பது பெறப்படும். வகுப்பறையில் மாணவர் இத்தகைய நூலொன்றைக் கொணர்ந்து வினவினால், நம்பிக்கையைப் பழித்தல் வேண்டா. மூன்று வினாக்களை அவர்முன் வைத்தல் போதும். இச்சான்று மூலமொழியிலும் நிற்குமா? நிகழ்வுக்கு முன்னரே உரைக்கப்பட்டதா, பின்னர்ப் பொருத்தப்பட்டதா? எது நிகழ்ந்தால் இக்கூற்று தவறெனக் கொள்ளப்படும்?

பிறர் தொன்மைக்கு நாம் எழுப்பும் இவ்வினாக்களை நம் சொற்பிறப்பு ஆய்வுகளுக்கும் எழுப்புதல் கடன். தமிழின் தொன்மை அவற்றுக்கு அஞ்ச வேண்டியதன்று. சான்றோடு நிற்பது வினாவால் மேலும் உறுதிபெறும்.