செடி எழுப்பும் அபயக் குரல்

நிலக்கோட்டைப் பக்கம் மல்லி போட்டிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “வெயில் ஏற ஏற இலையெல்லாம் வெளுத்து நூலாம்படை கட்டிவிடுகிறது. மருந்துக்கடையில் கொடுத்ததை வாங்கி அடித்தேன். ஒரு வாரம் அடங்கியது. அப்புறம் முன்னைக்கு இப்போது இரண்டு பங்காக வந்துவிட்டது. மருந்தில் கலப்படமா?”

மருந்து சுத்தமானதாகவே இருந்திருக்கலாம். செம்பேன் விஷயத்தில் நல்ல மருந்தும் இப்படிச் செய்யும். ஏன் என்று விளக்கப் போனால், நான் வெகுகாலமாக வியந்து படித்துவரும் ஒரு சங்கதியில் போய் நிற்கும். பேன் கடித்த செடி, உதவிக்கு ஆள் கூப்பிடுகிறது.

கத்தரி, வெண்டை, மல்லி பயிரிடுகிறவர்களுக்குச் செம்பேனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதை லென்ஸ் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் போதும். வெளுக்கத் தொடங்கிய இலையைப் பறித்துத் திருப்புங்கள். நடு நரம்பை ஒட்டி ஏதோ ஊர்வது தெரியும். பெண் பேன் அரை மில்லிமீட்டர் நீளம், எட்டுக் கால். முதுகின் இரு பக்கமும் கருந்திட்டு இருக்கும். அது தோலின் நிறமன்று. உறிஞ்சிய உணவு குடலில் கிடப்பது உடம்பின் வழியே வெளியே தெரிகிறது. பக்கத்தில் உருண்டை உருண்டையாக முட்டைகள். இட்ட புதிதில் நிறமில்லாமல் தெளிந்திருக்கும், பொரிக்கும் நாள் நெருங்கினால் மஞ்சளிக்கும். பொரித்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்தான். தோல் உரித்த பிறகே எட்டாகும். உரித்துப் போட்ட தோல்கள் வெள்ளைத் தூளாகச் சிதறிக் கிடக்க, எல்லாவற்றுக்கும் மேலே நூல் வலை. சிலந்தி வயிற்றின் பின்முனையிலிருந்து நூல் விடும். செம்பேனுக்கோ வாயருகே இருக்கும் உறுப்பிலிருந்து நூல் வருகிறது.

இது பூச்சி இனமே இல்லை. சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் பங்காளி. பூச்சிக்கென்று செய்த மருந்துகள் பல இதனிடம் பலிக்காததற்கு முதல் காரணம் அதுதான்.

ஊசி போன்ற வாயுறுப்பை இலைக்குள் இறக்கி, செல் செல்லாகக் குத்தி உறிஞ்சுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 20 செல்கள் காலியாகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இலையில் நாம் காணும் வெண்புள்ளிகள் பச்சையம் போன இடங்கள். நல்ல வெயிலில் முட்டை வளர்ந்து முட்டையிடும் தாயாவதற்கு ஏறக்குறைய பத்து நாள் போதும். ஒரு பெண் தன் ஆயுளில் நூறு முட்டை வரை இடும். ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும்; அந்த முட்டைகள் எல்லாம் ஆணாகப் பிறக்கும்.

ஆணுக்குத் தாயிடமிருந்து மட்டுமே மரபணு கிடைக்கிறது. இதன் பலன் நம் தலையில்தான் விடிகிறது. மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்று புதிதாக முளைத்தால், மற்ற உயிர்களில் அது இன்னொரு பிரதியின் மறைவில் சில தலைமுறை பதுங்கிக் கிடக்கக்கூடும். செம்பேனின் ஆணில் மறைவுக்கு இடமே இல்லை. உடனே வெளிப்படும், மருந்துக்குத் தப்பும், பெருகும். பயிரழிக்கும் உயிர்களில் மருந்துகளுக்கு மிக அதிகமாகப் பழகிப்போனவற்றின் வரிசையில் செம்பேன் முன்னால் நிற்கிறது.

கனடாவின் மியோட்ராக் கிர்பிச் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, 2011இல் இரட்டைப்புள்ளிச் செம்பேனின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். 9 கோடி எழுத்துகள். அதுவரை படித்த கணுக்காலிகளிலேயே மிகச் சிறியது. அந்தச் சிறிய தொகுதிக்குள் நஞ்சை முறிக்கும் மரபணுக்கள் மட்டும் பெருகிக் கிடந்தன. 1,100க்கும் மேற்பட்ட தாவர வகைகளைத் தின்னும் உயிர் இது. ஒவ்வொரு செடியும் தன்னைக் காக்க ஒவ்வொரு நஞ்சை வைத்திருக்கிறது. அத்தனையையும் செரிக்கப் பழகிய உடம்புக்கு நம் மருந்து இன்னொரு நஞ்சு, அவ்வளவே. பூஞ்சைகளிடமிருந்து வந்து சேர்ந்த மரபணுக்கள்கூட அதில் இருந்தன.

இனி நான் சொல்ல வந்த விஷயம். செம்பேனைத் தின்றே வாழும் வேட்டைப்பேன் ஒன்று உண்டு. பெயர் பைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ். சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளோடு 1950களின் கடைசியில் தற்செயலாக வந்து, ஆய்வாளர் கண்ணில் பட்டது. அதற்குக் கண்ணே கிடையாது. ஆயினும் ஒரு தோட்டத்தில் எத்தனையோ செடிகள் இருக்க, செம்பேன் பிடித்த செடிக்குச் சரியாக வந்து சேருகிறது. எப்படி?

1980களில் நெதர்லாந்தில் மாரிஸ் சபெலிஸ், மார்செல் டிக்கே இருவரும் அவர்களோடு இருந்தவர்களும் இந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கவட்டை வடிவில் ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு கிளை வழியே செம்பேன் பிடித்த அவரையிலைகளின் காற்று வரும். மற்றதன் வழியே நல்ல இலைகளின் காற்று வரும். அடிக்காம்பில் பசித்த வேட்டைப்பேனை விட்டால், கவட்டைவரை நடந்து வந்து பேன் பிடித்த இலைகளின் பக்கமே பெரும்பாலும் திரும்பியது. செம்பேனின் வாடை இழுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். மணம் செம்பேனிடமிருந்து வரவில்லை, செடியிலிருந்தே வருகிறது என்று அவர்கள் காட்டினார்கள். கடிபடாத இலைகள்கூட, அதே செடியின் வேறு இலை கடிபட்டிருந்தால், மணம் விடத் தொடங்கின. இலையை நாமே கிழித்தாலோ கீறினாலோ அந்த அழைப்பு எழவில்லை. செம்பேன் கடித்ததைச் செடி தெரிந்துகொள்கிறது.

மணத்தில் என்ன இருக்கிறது என்றும் பிரித்துப் பார்த்தார்கள். கொத்தமல்லி விதையில் மணக்கும் லினலூல் இருந்தது. மூட்டுவலித் தைலத்தில் மூக்கைத் துளைக்கும் மெத்தில் சாலிசிலேட் இருந்தது. இன்னும் சிலவும் இருந்தன. கலவையின் சேர்மானம் செடிக்குச் செடி மாறும், கடிப்பது எது என்பதைப் பொறுத்தும் மாறும்.

என் சிறுவயதில் எங்கள் ஊரில் வைக்கோற்போர் தீப்பிடித்தால் கோயில் மணியை விடாமல் அடிப்பார்கள். பூசை மணி ஒரு விதம், தீ மணி வேறு விதம். கேட்டவுடனே ஊருக்குத் தெரிந்துவிடும். குடமும் வாளியுமாக ஆள் திரளும். பக்கத்துக் களத்துக்காரர் தம் போரை முன்கூட்டியே நனைக்கத் தொடங்குவார். செடிகளிடையிலும் இந்த இரண்டும் நடக்கின்றன. செம்பேன் பிடித்த பருத்திச் செடிகளின் மேல் பட்ட காற்று, நல்ல பருத்திச் செடிகள் மேல் வீசும்படி வைத்து அந்த ஆய்வாளர்கள் பார்த்தார்கள். நல்ல செடிகளும் வேட்டைப்பேனை இழுக்கத் தொடங்கிவிட்டன.

மணியின் நாக்கையே கட்டிவிட்டுத் தீ வைக்கிறவனும் உண்டு. தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய தக்காளிச் செம்பேன், டெட்ரானிகஸ் எவான்சி. 1970களின் கடைசியில் ஜிம்பாப்வேயில் தலைகாட்டிப் பிற ஆப்பிரிக்க நாடுகளுக்கும் பரவியது; 1990களில் ஸ்பெயின், போர்ச்சுகல் வரை போனது. பிரேசில், நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட முடிவு என்னைத் திகைக்க வைத்தது. இந்தப் பேன் கடித்த தக்காளியில் தற்காப்பு எழவேயில்லை. இலையைச் செரிக்கவிடாமல் செய்யும் புரதங்கள் பேனே இல்லாத செடியில் இருப்பதைவிடவும் குறைந்து போயின. உதவிக்குக் கூப்பிடும் மணமும் அடங்கியது. பிற நாடுகளில் கைகொடுத்த பெர்சிமிலிஸ் இதைத் தின்று தழைப்பதில்லை. எனவே தக்காளிச் செம்பேன் பிறந்த மண்ணிலேயே அதன் எதிரியைத் தேடினார்கள். தென் பிரேசிலின் உருகுவாயானாவில், தக்காளியில் இதைத் தின்றுகொண்டிருந்த பைட்டோசியுலஸ் லாஞ்சிபெஸ் என்ற வேட்டைப்பேன் கிடைத்தது. வெளியிலிருந்து வரும் பேன் எதுவானாலும் முதல் வேலை இதுவே: அதன் சொந்த ஊரில் அதை அடக்கி வைத்திருந்தது யார் என்று பார்ப்பது.

இப்போது வாசகரின் மல்லித் தோட்டத்துக்கு வருவோம். நம் ஊரிலும் உதவிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நியோசியுலஸ் லாஞ்சிஸ்பைனோசஸ் என்ற வேட்டைப்பேன் தென்னிந்தியத் தோட்டங்களில் இயல்பாகவே வாழ்கிறது. ஸ்டெத்தோரஸ் என்ற குட்டிக் கறுப்புப் பொறிவண்டும் செம்பேனைத் தின்னும். செம்பேன் வலைக்கு அடியில் பதுங்கியிருக்கிறது. வேட்டைப்பேனோ இரை தேடி இலையெங்கும் ஓடுகிறது. பைரித்ராய்டு வகை மருந்தைத் தெளித்தால் ஓடுகிற உயிர்மேல்தான் அதிகம் படும், செத்தும் போகும். மருந்துக்குப் பழகிய செம்பேன் மிஞ்சும். தின்ன ஆளில்லாத தோட்டத்தில் பத்தே நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். வாசகர் கண்டது இதுவாகத்தான் இருக்கும். உலகப் போருக்குப் பிறகு ஆப்பிள் தோட்டங்களில் டி.டி.டி. அடித்தபோதும் இதே கதை நடந்தது. அதுவரை சில்லறைத் தொல்லையாக இருந்த செம்பேன் அதன்பின் பெரும் பகையாக எழுந்தது.

இதற்கு மாற்று வழி புதிதன்று. 1967இல் நெதர்லாந்தில் பூச்சிமருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஜான் கொப்பர்ட் என்ற வெள்ளரி விவசாயி, தம் கண்ணாடிக் குடிலில் பெர்சிமிலிஸை விட்டுச் செம்பேனை அடக்கினார். பிறகு அதை வளர்த்து மற்றவர்களுக்கும் கொடுத்தார். இன்று அது பெருந்தொழில். நம்மிடமோ விவசாயிக்கு வைத்தியர் மருந்துக்கடைக்காரர்தான். இலையைப் பார்க்காமல், பேனா பூச்சியா என்று விசாரிக்காமல், இரண்டு மூன்று மருந்தைக் கலந்து கொடுக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அடிப்பவர் கையுறைகூட இல்லாமல் அடிக்கிறார். அந்தப் பூவை நாம் தலையில் வைத்துக்கொள்கிறோம். கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விவசாயி நம்பிக் கேட்பதற்கு அவரைத் தவிர வேறு ஆள் வயல் பக்கம் வருவது அரிதாகிவிட்டது. பேன்களைப் படித்தவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்தது வரப்புவரை வந்து சேரவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதில் அரசு காட்டும் அசட்டை எனக்கு வருத்தம் தருகிறது.

அதுவரை நாமே செய்யக்கூடியவை சில உண்டு. வாரம் ஒருமுறை இலைகளை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். மெதுவாக ஊர்வது செம்பேன். உடம்பு பளபளக்க, நிற்காமல் ஓடுவது பெரும்பாலும் வேட்டைப்பேன். தொடக்கத்திலேயே இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் வலையும் பேனும் நிறையக் கழியும். பாத்தியோரக் களைகளில் செம்பேன் தங்கும் என்பதால் அவற்றை அகற்றுங்கள். மீறிப் போனால் வேப்பெண்ணெய்க் கரைசலோ நனையும் கந்தகமோ, வேளாண் அலுவலர் சொல்லும் அளவில், கொளுத்தும் வெயில் இல்லாத வேளையில் அடிக்கலாம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டாம். பைரித்ராய்டுப் பக்கமே போக வேண்டாம்.

ஒரு கைலென்ஸின் விலை, ஒரு தடவை மருந்தடிக்கும் கூலியைவிடக் குறைவு. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இலையில் செம்பேன் கொஞ்சமாகவும், அதைத் துரத்தித் தின்னும் பேனும் கூடவே தெரிந்தால், செடி கூப்பிட்ட ஆள் வந்துவிட்டது என்று பொருள். தெளிப்பானைக் கையில் எடுக்காமல் ஐந்து நாள் பொறுத்து, மறுபடி அதே இலைகளைப் பாருங்கள்.