கோடியக்கரைச் சாலை

தஞ்சாவூரில் புறப்பட்டு, வடுவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரணியம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கோடியக்கரையில் கடலைக் கண்டு நின்றுவிடுகிறது ஒரு சாலை. சர்க்கார் கணக்கில் அதற்கு மாநில நெடுஞ்சாலை 63 என்று பெயர். இலக்கத்தைச் சொல்லி வழி கேட்டால் யாரும் காட்டமாட்டார்கள். ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். கோடி என்றால் முனை அல்லவா? இச்சாலைக்கு அப்பால் போவதற்கு ஊர் கிடையாது.

மன்னார்குடி வரையில் இருபுறமும் வயல்களும் வாய்க்கால்களுமாக இருக்கும். தெற்கே போகப் போகக் காவேரி நீர் மெலிந்து கடைமடையாகிறது. வேதாரணியத்தை நெருங்கினால் மணற்பாங்கான பூமி. மாவும் தென்னையும் முல்லைத் தோட்டங்களும் கண்ணிற் படும். மொட்டாகப் பறித்த முல்லை மலர்வதற்குள் சந்தை சேர வேண்டும். பஸ் தவறினால் அன்றைய உழைப்பு வீண்.

1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து கால்நடையாகக் கிளம்பிய ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் திருத்துறைப்பூண்டி வழியாகத்தான் வேதாரணியம் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்போருக்குத் தண்டனை என்று கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? வழியிலுள்ள மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தைக் கைது செய்ய எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது? ஏப்ரல் 30-ந் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளப்பட்டது. பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லும் எங்களைப் போன்ற வாத்தியார்கள், அவர்களை ஒரு முறை இவ்வழியே அழைத்துப்போனால் பாதிப் பாடம் நடந்துவிடும்.

முன்பு கோடியக்கரை வரை ரயில் ஓடிய காலமும் உண்டு. 2023 ஏப்ரலில் அகலப் பாதையில் மீண்டும் தொடங்கிய ரயிலோ அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே உப்பளம், சதுப்பு, காடு. கோடியக்கரை மீனவரின் மீன் கூடைக்கும், பிரசவ வேதனையோடு வேதாரணியம் ஆஸ்பத்திரிக்கு விரையும் பெண்ணுக்கும், ஆடி, தை அமாவாசைகளில் நீராட வரும் கூட்டத்துக்கும் இந்தச் சாலை ஒன்றே கதி. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் கஜா புயல் வேதாரணியத்தின் அருகே கரையேறியபோது மரங்களும் மின்கம்பங்களும் வழியெங்கும் சாய்ந்து கிடந்தன. ஊரார் கோடரியும் அரிவாளும் கொண்டு வெட்டி வழி திறந்த பிறகுதான் அரிசியும் குடிதண்ணீரும் உள்ளே வர முடிந்தது.

ஆகையால் சாலையை அகலப்படுத்திவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேதாரணியம் வரையில் தாராளமாகச் செய்யட்டும். அதற்கப்பால் 1967-இல் ஏற்பட்ட சரணாலயம் இருக்கிறது. வெளிமான்களுக்கு அது வீடு. வடக்கேயிருந்து வரும் பறவைகளுக்குச் சத்திரம். மோட்டார்கள் பறக்கும் அகலம் அங்கே வேண்டாம். அந்தச் சில கிலோமீட்டருக்கு வேண்டியவை வேறு: தாழ்ந்த இடங்களில் மேடு, வெள்ளம் வடியத் தக்க மதகுகள், அந்தி மயங்கிய பின் வண்டிகளுக்கு நிதான வேகம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் எந்த வேலையும் நடவாது. பிற ஊர் மீனவர்கள் தொழிலுக்கு வந்து தங்குவதும், பறவைகள் வந்திறங்குவதும் அதே சமயந்தான். புரட்டாசிக்குள்ளேயே மதகுகளைத் தூர் வாரிப் பள்ளங்களை அடைத்துவிட வேண்டும்.