ஜாப் கார்டில் ஏறாத பழுது

இருபது லட்சம் ரூபாய்க்குள் 150 குதிரைத்திறன் உள்ள செடான்கள் சில இருக்கின்றன. 2022இல் ஸ்கோடா ஸ்லாவியாவும் ஃபோக்ஸ்வாகன் விர்டஸும் வந்தன. மறுவருடம் 160 குதிரைத்திறனோடு ஹூண்டாய் வெர்னா டர்போ வந்தது. ஊரே எஸ்.யூ.வி. பின்னால் ஓடும்போது இவற்றை வாங்குகிறவர்கள், ஓட்டுவதில் ருசி கண்டவர்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். வாரண்டி புத்தகத்தில் கிளட்ச் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. ஆனால் பணம் போவதும் வருவதும் அந்தப் பக்கத்தில்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஷோரூம் தரும் படிவம் 21இல் கார் எந்த மாதம், எந்த வருடம் தயாரானது என்று இருக்கும். ஸ்டாக்கில் கிடந்த போன வருடத்து வண்டியா என்பது அதில் தெரிந்துவிடும். பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் 1 சதவீத வரியான டி.சி.எஸ். உங்கள் பணம், வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். அதைக் காரின் விலையோடு சேர்த்து மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இனி கியர்பாக்ஸ். இந்த மூன்று கார்களிலும் வேகமான ஆட்டோமேட்டிக் வகைகளில் இருப்பது ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளட்ச் பெட்டி. நெடுஞ்சாலையில் அது கியர் மாற்றும் வேகம் அலாதி. ஆனால் சாயங்கால நேரத்தில் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது, உள்ளே கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்து சூடாகிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமம் பயன்படுத்தும் உலர் கிளட்ச் பெட்டிக்கு இது பழைய வியாதி. 2013இல் சீன அரசுத் தொலைக்காட்சியின் நுகர்வோர் தின நிகழ்ச்சி இந்தப் பெட்டியின் கோளாறுகளை அம்பலப்படுத்திய பிறகு, அங்கே 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. அதன்பின் பெட்டி பலமுறை திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் உலர் கிளட்சின் இயல்பு மாறாது. முன்னால் இடம் விட்டு நின்று, இடம் வந்ததும் ஒரேயடியாக நகர்வது நல்லது. பிரேக்கை லேசாக விட்டு விட்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தாதீர்கள்.

மெதுவாகப் போகும்போது வண்டி உதறுகிறது என்று சர்வீஸுக்குக் கொண்டுபோனால், அநேகமாகக் காதில் விழும் பதில்: “இந்த மாடல்ல அப்படித்தான் சார் இருக்கும்.” இந்தப் பதிலை வாயால் வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. கிளட்ச் தட்டு பொதுவாகத் தேய்மானப் பொருள்; வாரண்டியில் வராது. அதை இயக்கும் மின்னணுப் பகுதியும் கியர்களும் வரும். பிற்பாடு தகராறு எழுந்தால், பழுது எப்போது தொடங்கியது, எதில் தொடங்கியது என்பதே கேள்வியாக நிற்கும். அதற்கான சாட்சி, வண்டியை சர்வீஸுக்கு விடும்போது குறைகளை எழுதும் ஜாப் கார்டு. “ஜெனரல் செக்கப்” என்று சர்வீஸ் அட்வைசர் எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். “எஞ்சின் சூடான பின், முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறல்” என்று கிலோமீட்டர் கணக்கோடு எழுதவைத்துக் கையெழுத்துப் போடுங்கள். வண்டியை எடுக்கும்போது, என்ன பார்த்தார்கள், என்ன மாற்றினார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரே குறை மூன்று கார்டுகளில் ஏறியிருந்தால் அதற்கு இருக்கும் கனம், கோபமாக எழுதிய முப்பது மின்னஞ்சலுக்குக் கிடையாது.

அப்படிச் சேர்த்த ஆதாரத்தோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், புதுக் காரே கேட்பது பெரும்பாலும் வீண். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி பழுதான பாகத்தை மாற்றித் தரத்தான், முழு வண்டியை அல்ல என்று சொல்லிவிட்டது. பாகம் மாற்றம், செலவான தொகை, அலைச்சலுக்கு இழப்பீடு என்று கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். உற்பத்திக் குறை என்று வாதிட்டால் நிபுணர் அறிக்கை வேண்டும். நுகர்வோர் ஆணையமே சோதனைக்கு அனுப்ப 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதை மனுவிலேயே கேட்டுவிட வேண்டும்.

“வெளியே ஆயில் மாற்றினாயா? வாரண்டி போச்சு” என்ற மிரட்டலுக்கும் எல்லை உண்டு. உதிரிபாகங்களைச் சுதந்திரமாக விற்காமல் சந்தையை அடைத்துவைத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்வதாக நிபந்தனை போடக் கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த ஆணை சொன்னது. அபராதத்தை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. பில்களைப் பத்திரப்படுத்துவது எப்படியும் உங்கள் வேலை.

ரீமேப் செய்தவர்களுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. லேப்டாப்பை இணைத்து எஞ்சினின் மென்பொருளை மாற்றிக் கூடுதல் திறன் வாங்கும் வேலை இப்போது கோயம்புத்தூர், சென்னை இரண்டிலும் சகஜம். சர்வீஸுக்கு முன் பழையபடி மாற்றிவிட்டால் தெரியாது என்பார்கள். தெரியும். மென்பொருள் மாற்றப்பட்டதன் தடயத்தை நிறுவனத்தின் சோதனைக் கருவி கண்டுபிடிக்க முடியும். அதன்பின் எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி கைவிட்டுப் போகும். தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்திருந்தால், விபத்துக்குப் பின் அவர்கள் கையில் நீங்களே சாக்கு கொடுத்தவராவீர்கள். கம்பெனி கொடுத்த 150க்கே நம் சாலையில் இடம் போதவில்லை என்பது என் கட்சி.

மழைக்காலம் தனி ஆபத்து. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார்கள் மூழ்கின. மூழ்கிய காரில் தண்ணீரைவிட ஸ்டார்ட் பட்டன் பெரிய சேதம் செய்துவிடலாம். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும்போது எஞ்சினைக் கிளப்பினால் பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். அந்தச் சேதம் வெள்ளத்தால் அல்ல, நீங்கள் கிளப்பியதால் வந்தது என்று இன்சூரன்ஸ் கைவிரிக்கும். சாதாரண பாலிசி அதை ஏற்காது, எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் பாலிசி வேண்டும். செடானின் தாழ்ந்த உடம்புக்கு இந்தத் தொகை தண்டம் அல்ல. மூழ்கிய வண்டியைக் கிளப்பாமல், நீர் நின்ற மட்டம் தெரியும்படி படமெடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, இழுவை வண்டியில் ஏற்றுங்கள்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தி தராவிட்டாலும் காப்பீட்டு ஓம்பட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டுக்கு அது சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரை உத்தரவிடலாம். மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போயாக வேண்டும்.

கார் நிறுவனமோ ஷோரூமோ எதிராளி என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்குங்கள்; சில புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கே வழக்குப் போடலாம். பத்திலிருந்து இருபது லட்சம் வரையான காருக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம், நீங்களே வாதாடலாம். விபத்தில் ஏர்பேக் விரியவில்லை என்று ஒரு ஹூண்டாய் உரிமையாளர் தொடர்ந்த வழக்கில், மோதல் விசையைக் கணக்குப் போட வாடிக்கையாளர் இயற்பியல் நிபுணராக இருக்கத் தேவையில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாமானியர் தயங்காமல் போகலாம் என்பதற்கு அந்தத் தீர்ப்பே போதும்.

பழைய செடான் வாங்குகிறவர்கள், அந்த வண்டிக்குத் திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணை வைத்து நிறுவனத்திடம் கேளுங்கள். 2024 அக்டோபரில் எரிபொருள் பம்ப்பை இலவசமாக மாற்ற ஹோண்டா 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கார்களை அழைத்தது. சிட்டியும் அதில் உண்டு.

பழுதால் வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம்தான் அவகாசம். உங்கள் வாரண்டி முடியும் தேதியை இன்றே பார்த்து வையுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பாக வண்டியைக் கொண்டுபோய், சின்னச் சத்தம் உட்பட எல்லாக் குறையையும் ஜாப் கார்டில் ஏற்றிவிடுங்கள்.