ஏரி நடுவே அரண்மனை ஹோட்டல்: ஒரு ராத்திரிக்கு அரை லட்சம் எதுக்கு? ஜிஎஸ்டி எப்படி?

ஷிப்மென்ட் போயாச்சு, பேமென்ட் வந்தாச்சு என்றால் திருப்பூர் வண்டிகள் மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குத்தான் ஏறும். இப்போ கல்யாண நாள், ஹனிமூன், பையர் மீட்டிங் என்று ஏதாவது சாக்கு கிடைத்தால் உதய்பூர் பெயரும் அடிபடுகிறது. அங்கே பிச்சோலா ஏரிக்கு நடுவில் நிற்கும் ‘தாஜ் லேக் பேலஸ்’ சீசனில் ஒரு இரவுக்கு அரை லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அப்படி என்னதான் இருக்கு அதுல?

முதலில் கதை. மேவார் மகாராணா இரண்டாம் ஜகத் சிங் 1743 முதல் 1746 வரை கட்டிய ஜக் நிவாஸ்தான் இந்தக் கட்டடம். கோடை மாளிகை. சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானங்கள் இணைந்ததும், வருமானம் சுருங்கிய ராஜ குடும்பங்களுக்கு அரண்மனைகளைப் பராமரிப்பதே பெரிய செலவானது. ஜெய்ப்பூரின் ராம்பாக் 1957-ல் ஹோட்டலானது. மகாராணா பகவத் சிங் 1963-ல் ஜக் நிவாஸையும் ஹோட்டலாக்கினார். 1971-ல் தாஜ் குழுமம் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1983-ல் ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஆக்டோபஸி’ வந்தபின் உலகத்துக்கே தெரிந்த இடமாகிவிட்டது.

வாடகையில் பெரும்பங்கு மெத்தைக்கோ பஃபேக்கோ போவதில்லை. சுற்றிலும் தண்ணீர், காய்கறியில் இருந்து சலவைத் துணி வரை எல்லாம் படகில்தான் வர வேண்டும். பழைய சுண்ணாம்புப் பூச்சில் விரிசல் விட்டால் சிமென்ட் வைத்து அடைத்துவிட முடியாது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் சுவர் பொரிந்து கொட்டும். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பித்தவர்களைக் கேட்டால் இதே பாட்டைத்தான் பாடுவார்கள். அந்த வேலை தெரிந்த கைகள் குறைவு, கூலி அதிகம்.

இன்னொன்று, தண்ணீர். பிச்சோலா மனிதர்கள் வெட்டிய ஏரி, மழையை நம்பியது. 2000-களின் தொடக்கத்தில் வறட்சியில் வற்றியபோது ‘ஏரி அரண்மனை’ காய்ந்த தரையில் நின்றது. ஏரி நிறைந்தால்தான் ஹோட்டலுக்கு மதிப்பு. நொய்யலைத் தினமும் கடந்து போகிற நமக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இனி பில். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5%, அதற்கு மேல் 18%. கோட்டைத் தாண்டினால் முழு வாடகைக்கும் 18% விழும். 7,500 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,875. வாடகை 100 ரூபாய் கூடி 7,600 ஆனால் மொத்தம் 8,968! ஐம்பதாயிரம் ரூபாய் அறை என்றால் வரி மட்டும் 9,000.

“கம்பெனி பேர்ல பில் போட்டா இன்புட் எடுத்துக்கலாமே?” என்று கேட்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஹோட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்தின் வரிதான் விழும். உதய்பூர் பில்லில் சிஜிஎஸ்டியும் ராஜஸ்தான் எஸ்ஜிஎஸ்டியும் இருக்கும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு அந்த இன்புட் கிடைக்காது. அதே மீட்டிங்கை ஊட்டியில் வைத்து, 18% அடுக்கில் தங்கி, பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் சேர்த்தால் இன்புட் எடுக்கலாம். 5% அடுக்கில் ஹோட்டலுக்கே இன்புட் கிடையாது. அந்த 5% உங்கள் கணக்கில் வருமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். குடும்ப டூருக்கு எங்கே தங்கினாலும் இன்புட் கிடையாது.

ஊட்டியும் ஏரி ஊர்தானே! அந்த ஏரியை 1820-களில் வெட்டவைத்த ஜான் சல்லிவன், அன்றைய கோவை கலெக்டர். திருப்பூரும் அவர் ஆளுகையில்தான் இருந்தது. பழமையான சவாய் ஹோட்டல், மைசூர் அரசர்களின் கோடை மாளிகையாக இருந்த ஃபெர்ன்ஹில்ஸ் இரண்டும் அங்கேயே இருக்கின்றன.

உதய்பூர்தான் என்று முடிவு செய்துவிட்டால், ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் வாட்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வாடகை இறங்கும், நல்ல மழையென்றால் ஏரியும் நிறையும். பழைய கட்டடங்களில் அறைகள் ஒரே அளவில் இருக்காது. ஜன்னல் ஏரிப் பக்கமா முற்றத்துப் பக்கமா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். உள்ளே தங்கினால் அரண்மனை முழுசாகக் கண்ணில் படாது, எதிர்க்கரையில் இருந்துதான் அந்த அழகு தெரியும். என்னைக் கேட்டால், அம்ப்ராய் காட் பக்கம் 7,500-க்குள் ஒரு அறை போதும்.